இரும்படுப்பு விற்று அரண்மனை கட்டியவர்

ஃபைனல் இயர் வந்துட்டா நம்ம எல்லாருக்கும் ஒரே கணக்குதான். எத்தனை எல்பிஏ? கையில எவ்வளவு வரும்? போன மாசம் எனக்கு ஒரு ஆஃபர் லெட்டர் வந்தது. நாலு தடவை படிச்சேன். நாலு தடவையும் என் கண்ணு ஒரே ஒரு எண்ணுலதான் போய் நின்னுச்சு. அதுக்குக் கீழே இன்ஷூரன்ஸ், பி.எஃப்., கிராச்சுவிட்டின்னு சின்ன எழுத்துல ஏழெட்டு வரி இருந்தது. அதை நான் படிக்கவே இல்லை. நீங்களும் படிச்சிருக்க மாட்டீங்கன்னு நினைக்கிறேன்.

அந்த மாதிரி வரிகள் எந்தத் தொழிற்சாலையிலும் பெருசா இல்லாத ஒரு காலம் இருந்தது. அப்போ ஒரு கொல்லர் மகன் அந்த வரிகளைத் தானே யோசித்து, தானே எழுதி, பிறகு செங்கல்லாலும் கண்ணாடியாலும் கட்டியும் காட்டினார். அவர் பெயர் ழான்-பாப்தீஸ்த் ஆந்த்ரே கோடான். பிரான்சில் அவர் பெயர் இன்னும் வீடுகளில் இருக்கு. குளிர்காலத்தில் சூடேற்றும் வார்ப்பிரும்பு அடுப்புகள் மேல அந்தப் பெயரைப் பொறிச்சிருப்பாங்க. எனக்கு அவர் அறிமுகமானது ஒரு மானுஃபேக்சரிங் அசைன்மென்ட்டால். வார்ப்பிரும்பு வரலாறு தேடப் போன இடத்தில் இந்த மனுஷன் கிடைச்சார். அசைன்மென்ட் முடிஞ்சுது. இவர் மட்டும் மனசை விட்டுப் போகலை.

அவரோட ஊருக்கு நான் இன்னும் போனதில்லை. ஆனா வழி தெரியும். வாங்க, சேர்ந்தே போகலாம்.

ஊருக்குப் போற வழி

பாரிஸின் வடக்கு ரயில் நிலையத்தில் ஏறி சேன்-கான்டேன் என்ற ஊரில் இறங்கணும். அங்கிருந்து சாலை வழியா இன்னும் 25 கிலோமீட்டர் சொச்சம். ஊர் பெயரை எழுத்துக் கூட்டிப் படிச்சா 'கைஸ்' மாதிரி இருக்கும், அங்கே இருக்கிறவங்க 'குயீஸ்'னு சொல்வாங்க. மக்கள்தொகை ஐயாயிரத்துக்கும் குறைவு. மாவட்டத்துப் பெயர் என்ன தெரியுமா? கிட்டத்தட்ட 'ஏன்'. நிஜமாத்தான், அது அங்கே ஓடுற ஒரு நதியோட பெயர். இந்தக் கதை முழுக்க நீங்க கேட்கப் போற கேள்வியும் அதுதான்.

குயீஸில் ஒரு மேட்டு மேல பழைய கோட்டை இருக்கு. பிரெஞ்சுப் புரட்சியில் பெரிய பெயர் எடுத்த கமீய் தெமூலேன் பிறந்ததும் இந்த ஊர்தான். அதையெல்லாம் பார்த்துட்டு வாஸ் நதிப் பக்கம் நடந்தா, திடீர்னு ஒரு பெரிய சதுக்கம் வரும். எதிரே சிவப்புச் செங்கல்லில் மூணு பிரம்மாண்டமான கட்டடங்கள், ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நிற்கும். நடுவில் உள்ளது கொஞ்சம் பின்தள்ளி, இரண்டு பக்கமும் இறக்கைகள் மாதிரி. முதல் தடவை போட்டோவில் பார்த்தப்போ யாரோ ராஜா வீடுன்னுதான் நான் நினைச்சேன்.

ராஜா வீடு இல்லை. ஃபவுண்டரி தொழிலாளர்களோட குடியிருப்பு. அதன் பெயர் ஃபாமிலிஸ்தேர். அதற்கு அவர் வைத்த இன்னொரு பெயர் சமூக அரண்மனை. நதிக்கு அந்தப் பக்கம் தொழிற்சாலை. கோடான் அடுப்புகள் இன்னைக்கும் இந்த ஊரில்தான் தயாராகுது.

பட்டறைப் பையன்

கோடான் பிறந்தது 1817 ஜனவரி 26, இதே மாவட்டத்தில் எஸ்கேரி என்ற கிராமத்தில். அப்பா பூட்டு, கீல், தாழ்ப்பாள் செய்கிற கொல்லர். பையன் கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனான். 11 வயதில் படிப்பு நின்றது. அப்பாவோட பட்டறையில் துருத்தி, சுத்தியல், அரம். ஃபர்ஸ்ட் இயர் வொர்க்‌ஷாப்பில் ஒரு இரும்புத் துண்டை அரத்தால் ராவி ராவி சதுரமாக்கச் சொன்னாங்களே, கை கொப்பளிச்சதே, ஞாபகம் இருக்கா? அதையே நாள் முழுக்க, 11 வயசுல.

18 வயது வாக்கில் ஊரை விட்டுக் கிளம்பினார். பிரெஞ்சுக் கைவினைஞர்களுக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. இளம் தொழிலாளி ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு பட்டறையிலும் சில மாதம் வேலை பார்த்து, தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்புவார். கோடானும் ஒரு உறவுக்காரப் பையனோட நாட்டைச் சுற்றினார். நம்ம இன்டர்ன்ஷிப் மாதிரி, ஆனா நடந்தே.

கற்றுக்கொள்ளப் போன இடத்தில் அவர் பார்த்தது வேற. விடியறதுக்கு முன்னாடி தொடங்கி இருட்டின பிறகும் முடியாத வேலை. ஒரே அறையில் முழுக் குடும்பம். உடம்புக்கு முடியலைன்னா அன்னைக்குச் சம்பளம் இல்லை, கை போச்சுன்னா வேலையே இல்லை. தான் என்றாவது இந்த நிலையிலிருந்து மேலே வந்தால், மற்றவர்களுக்கும் இதைத் தாங்கக்கூடிய வாழ்க்கையாக மாற்ற வழி தேட வேண்டும் என்று அந்த வயதிலேயே முடிவு செய்ததாகப் பின்னாளில் எழுதினார்.

இந்த மாதிரி முடிவு 18 வயசுல நிறைய பேர் எடுப்பாங்க. நாமளும் ஹாஸ்டல் மொட்டை மாடியில் எடுத்திருக்கோம். அவர் அதை மறக்காம வைச்சிருந்தார் என்பதுதான் விஷயம்.

தகட்டிலிருந்து வார்ப்புக்கு

1837-ல் ஊர் திரும்பினார். 1840-ல் எஸ்தர் லெமேரைத் திருமணம் செய்தார், சொந்தப் பட்டறை வைத்தார், அதே ஆண்டு ஒரு பேடன்ட்டும் எடுத்தார். எல்லாம் 23 வயதில்.

அந்தப் பேடன்ட் எதுக்குன்னு கொஞ்சம் நின்னு பார்க்கலாம், ஏன்னா நம்ம சப்ஜெக்ட் இது. அன்றைக்கு பிரான்சில் பெரும்பாலான வீடுகளில் சுவரோரம் திறந்த கணப்புதான். விறகு எரியும், சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியா வானத்துக்குப் போயிடும். மூடிய அடுப்புகளும் இருந்தன, ஆனால் பல இரும்புத் தகட்டில் செய்தவை. தகடு சீக்கிரம் சூடாகும், நெருப்பு அணைந்ததும் சீக்கிரம் ஆறியும் போகும். நாளடைவில் அரிச்சு ஓட்டை விழும். ஒவ்வொன்றையும் கையால் வெட்டி, வளைச்சு, ஆணி அடிச்சுச் செய்யணும்.

கோடான் தகட்டை விட்டுட்டு வார்ப்பிரும்புக்குப் போனார். கனமான வார்ப்பிரும்பு மெதுவாகச் சூடேறும், மெதுவாகத்தான் ஆறும். நெருப்பு அணைந்த பிறகும் அறைக்குச் சூடு கொடுத்துக்கிட்டே இருக்கும். அதைவிடப் பெரிய லாபம் உற்பத்தியில். ஒரு பேட்டர்ன் செஞ்சா போதும். அதை மணலில் அமுக்கி எடுத்து அச்சு, 1200 டிகிரி வாக்கில் உருகின இரும்பை ஊத்தினா ஒரு பாகம். திரும்ப மணல், திரும்ப அச்சு. நூறாவது அடுப்பின் கதவு முதல் அடுப்பிலும் பொருந்தும். கொல்லர் வேலை தொழிற்சாலை வேலையாக மாறியது அங்கேதான். பிறகு வார்ப்பிரும்பு மேல வண்ண எனாமல் பூசும் முறையிலும் இறங்கினார். கறுப்பு இரும்பு அடுப்பு கூடத்தில் வைக்கிற அழகுச் சாமான் ஆச்சு. பேடன்ட் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது.

1846-ல் கிராமத்தை விட்டு குயீஸுக்கு வந்து பெரிய தொழிற்சாலை போட்டார். 1850-களில் பெல்ஜியத்திலும், ப்ரசல்ஸ் பக்கம், ஒரு தொழிற்சாலை. 11 வயதில் பள்ளியை விட்ட பையன் 40 வயதுக்குள் பெரும் பணக்காரர். பொதுவா வாழ்க்கை வரலாறெல்லாம் இங்கே முடிஞ்சுடும். இவரோடது இங்கேதான் தொடங்குது.

டெக்சாஸில் கரைஞ்ச காசு

1842-ல் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் ஷார்ல் ஃபூரியே என்ற சிந்தனையாளரைப் பற்றிய கட்டுரை கோடான் கண்ணில் பட்டது. ஃபூரியே ஒரு கனவு கண்டவர். ஏறக்குறைய 1600 பேர் ஒரே பெரிய மாளிகையில் சேர்ந்து வாழ்ந்து, சேர்ந்து உழைத்து, லாபத்தைப் பகிர்ந்துகொள்வார்கள் என்பது அந்தக் கனவு. அது நிறைவேறுவதைப் பார்க்காமலே 1837-ல் இறந்துவிட்டார். அவர் புத்தகங்களை கோடான் தேடித் தேடிப் படித்தார், அவருடைய சீடர்களோடு சேர்ந்தார்.

அந்தச் சீடர்களின் தலைவர் விக்டர் கான்சிடரான், 1850-களின் நடுவில் அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு குடியேற்றம் அமைக்கக் கிளம்பினார். அதுக்கு 'லா ரெயூனியோன்'னு பெயர். கோடான் அதில் 1 லட்சம் ஃபிராங்க் போட்டார். அவர் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு. போன ஆட்களில் பலருக்கு விவசாயம் தெரியாது, நிலமும் சரியில்லை, வானிலையும் ஒத்துவரலை. சில வருஷத்தில் எல்லாம் சிதறிப் போச்சு. இன்னைக்கு டாலஸ் நகரத்தில் ரீயூனியன் டவர்னு உச்சியில் உருண்டை வைச்ச ஒரு கோபுரம் இருக்கே, அந்தப் பெயர் இந்தக் குடியேற்றத்திலிருந்து வந்ததுதான்.

காசு போனதோட கோடானுக்கு ஒரு தெளிவு வந்தது. இனிமேல் வேறு யார் கையிலும் கொடுப்பதில்லை, கடல் தாண்டிப் போவதும் இல்லை. தன் ஊரில், தன் தொழிற்சாலை வாசலில், தன் கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தானே செய்து பார்ப்பது. ப்ராஜெக்ட் ஃபெயில் ஆனதும் ஸ்கோப்பைக் குறைச்சு ப்ரோட்டோடைப் பண்றோமே, அதே மாதிரி.

உள்ளே வாங்க

1859-ல் இடது பக்கக் கட்டடத்துக்கு வேலை தொடங்கியது. 1860-களில் நடுக் கட்டடம். 1877-79-ல் வலது பக்கம். பிறகு சற்றுத் தள்ளி இன்னொரு கட்டடம். கடைசியில் கிட்டத்தட்ட 500 குடியிருப்புகள், 1500-க்கும் மேற்பட்ட மக்கள்.

நடுக் கட்டடத்தின் வாசல் வழியா உள்ளே நுழைங்க. முதல்ல தலை தானா மேலே போகும். நாலு மாடி உயரத்துக்கு ஒரு பெரிய முற்றம், அதுக்கு மேல முழுக்கக் கண்ணாடிக் கூரை. நாலு பக்கமும் ஒவ்வொரு மாடியிலும் நீள நடைவழி, அதில் வரிசையாக வீட்டுக் கதவுகள். மழையோ பனியோ, குழந்தைகள் முற்றத்தில் விளையாடலாம். திருவிழா, கச்சேரி, நடனம் எல்லாம் அங்கேதான்.

இப்போ இன்ஜினியர் கண்ணால் பாருங்க. கண்ணாடி மூடின முற்றம்னா காத்து? அடித்தளத்தில் காற்றுப் பாதைகள் இருக்கு. வெளிக்காற்று அது வழியா முற்றத்துக்கு வரும், சூடான காற்று மேலே ஏறிக் கூரை வழியா வெளியே போகும். மின்விசிறி கிடையாது, மோட்டார் கிடையாது, வெறும் வெப்பச்சலனம். ஜன்னல்களைக் கவனிங்க. கீழ் மாடி ஜன்னல் உயரமா இருக்கும், மேலே போகப் போக உயரம் குறையும். கீழே வெளிச்சம் கம்மி, மேலே அதிகம், அதனால் எல்லா வீட்டுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சம் கிடைக்கணும்னு போட்ட கணக்கு அது. ஒவ்வொரு மாடியிலும் தண்ணீர்க் குழாய், கழிப்பறை, குப்பை போடும் துவாரம். ஐரோப்பாவின் பல நகரங்களில் தொழிலாளர்கள் தெருக்குழாயில் வாளியோடு நின்ற காலம் அது.

நதியோரம் ஒரு துணி துவைக்கும் கூடம் கட்டினார், 1870-ல். வீட்டுக்குள் துணி துவைச்சா ஈரம், ஈரத்தால் நோய், அதனால் தனியிடம். அதிலேயே ஒரு நீச்சல் குளம். தொழிற்சாலையில் வீணாகப் போகிற சூட்டை வைச்சு அந்தத் தண்ணீரைச் சூடாக்கினாங்க. குளத்தின் மரத் தரையை மேலேயும் கீழேயும் நகர்த்த முடியும். சின்னப் பிள்ளைங்க வந்தா தரையை உயர்த்திக்கலாம். வேஸ்ட் ஹீட் ரெகவரின்னு நாம தெர்மலில் எழுதுற விஷயத்தில், அவர் குழந்தைகளுக்கு நீச்சல் கத்துக் கொடுத்தார்.

சதுக்கத்தின் எதிரே தியேட்டரும் பள்ளிக்கூடமும். ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் ஒரே வகுப்பில், 14 வயது வரை கட்டாயப் படிப்பு. பிரான்ஸ் அரசாங்கமே ஆரம்பக் கல்வியை இலவசமாக்கியது 1881-ல், கட்டாயமாக்கியது 1882-ல். கைக்குழந்தைகளுக்குக் காப்பகம் இருந்தது. மொத்தமாக வாங்கி நியாய விலைக்கு விற்கிற கடைகள் இருந்தன. நோய்க்கும் முதுமைக்கும் நிதிகள் இருந்தன. குடியிருப்பு நிர்வாகத்துக்கு 1860-களிலேயே 12 ஆண்கள், 12 பெண்கள் கொண்ட குழுக்கள், ஆணும் பெண்ணும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவை. நாட்டுத் தேர்தலில் ஓட்டுப் போடும் உரிமை பிரெஞ்சுப் பெண்களுக்குக் கிடைத்தது 1944-ல்!

ஏன் இதெல்லாம்? அவருடைய தர்க்கம் எளிமையானது. ஒரு தொழிலாளியின் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டினால் அவரால் மாளிகை வாங்க முடியாது. ஆனால் பணக்காரருக்குப் பணத்தால் என்னென்ன கிடைக்கிறது என்று ஒரு பட்டியல் போடலாம். பணக்கார வீட்டுக்கு வேலைக்காரர் தண்ணீர் சுமந்து வருவார், இங்கே மாடிக்கு மாடி குழாய். பணக்காரக் குழந்தைக்கு ஆயா, இங்கே காப்பகம். அங்கே தனித் தோட்டம், இங்கே பொதுத் தோட்டம். தனித்தனியாக யாராலும் வாங்க முடியாததை, சேர்ந்தால் எல்லாரும் அனுபவிக்கலாம். செல்வம் இல்லாமலே செல்வத்துக்குச் சமமானது.

ஒன்று சொல்லணும், இது தர்மம் இல்லை. வீடுகளுக்கு வாடகை உண்டு. தொழிற்சாலை லாபத்தோடுதான் ஓடியது. அங்கேதான் குடியிருக்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. கோடானும் வேறு மாளிகை கட்டிக்கொள்ளவில்லை. அதே கட்டடத்தில் ஒரு குடியிருப்பில்தான் வாழ்ந்தார்.

இருபது வருடம் இழுத்த கணக்கு

கட்டடம் எழும்பியது சரி. உடைமை? தொழிற்சாலை, அரண்மனை எல்லாம் இன்னும் கோடான் சொத்துதான். நல்ல முதலாளி செத்துப் போனா, அடுத்து வர்றவர் எப்படிப்பட்டவரோ? இது அவருக்குத் தெரியும். தொழிலாளர்கள் பெயருக்கே மாற்ற வேண்டும் என்று நினைத்தார். ஆனால் சொந்த வீட்டில் கதை வேறாக இருந்தது.

மனைவி எஸ்தர் 1863-ல் அவரை விட்டுப் பிரிந்தார். சொத்துப் பங்கீட்டு வழக்கு 1877 வரை இழுத்தது. வழக்கு முடியாமல் தொழிற்சாலையை யாருக்கும் எழுதி வைக்க முடியாது. எஸ்தர் பக்கமிருந்தும் பாருங்க. அவர் இளமையில் உழைத்து உருவாக்கிய சொத்தும்தான் அது. கணவர் அதை ஊருக்கு எழுதி வைக்கத் துடிக்கிறார். அதோட, உறவுக்காரப் பெண்ணான மரி மொரே கோடானின் செயலாளராக வந்து, பிறகு துணைவியாகவும் ஆகியிருந்தார். கோடானின் வாழ்க்கையில் எல்லாரும் பாராட்டத்தக்க பக்கம் இது இல்லை. ஆனா மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

மரி மொரே இல்லாமல் ஃபாமிலிஸ்தேர் இல்லைன்னும் சொல்லணும். காப்பகமும் பள்ளியும் அவர் கையால் வளர்ந்தவை. எஸ்தர் 1881-ல் இறந்தார். கோடானும் மரியும் 1886-ல்தான் முறைப்படி திருமணம் செய்துகொண்டார்கள். கோடானின் வாழ்க்கையைப் பின்னாளில் ஆவணங்களோடு எழுதிப் பதிவு செய்தவரும் அவரே.

நடுவில் அரசியலும் வந்தது. 1870-ல் பிரஷ்யாவோடு போர் வந்தப்போ கோடான்தான் ஊர் மேயர். 1871-ல் தேசிய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு 1876 வரை உறுப்பினராக இருந்தார். சட்டத்தால் தொழிலாளர் வாழ்க்கையை மாற்றிவிடலாம் என்ற நம்பிக்கையோடு போனவர், ஏமாற்றத்தோடு குயீஸுக்கே திரும்பினார்.

கடைசியில் 1880 ஆகஸ்ட் 13 அன்று சங்கம் பதிவானது. முதலும் உழைப்பும் சேர்ந்த கூட்டுறவுச் சங்கம். ஏற்பாடு இப்படி: தொழிலாளிக்கு வர வேண்டிய லாபப் பங்கை ரொக்கமாகக் கொடுக்காமல் பங்குப் பத்திரமாகக் கொடுப்பார்கள். அந்த ரொக்கம் கோடானின் பங்குகளை வாங்கப் போகும். இப்படி வருடா வருடம் முதலாளியின் பங்கு கரையும், தொழிலாளர்களின் பங்கு ஏறும். தன் கம்பெனியைத் தன் தொழிலாளர்களுக்கே, அவர்கள் உழைப்பின் லாபத்தாலேயே விற்றார். ஒரே நாளில் தூக்கிக் கொடுத்தால் நிலைக்காது, உழைத்து வாங்கினால்தான் நிலைக்கும் என்று நினைத்தார்.

1888 ஜனவரி 15 அன்று, ஃபாமிலிஸ்தேரிலேயே கோடான் இறந்தார். 71 வயது ஆவதற்குப் பதினோரு நாள் இருந்தது.

விரிசல்கள்

இவ்வளவு சொல்லிட்டு இங்கே கை தட்டி முடிச்சா நான் உங்ககிட்ட நேர்மையா இல்லைன்னு அர்த்தம்.

முதல் விரிசல் முற்றத்திலேயே இருக்கு. எல்லா வீட்டுக் கதவும் ஒரே முற்றத்தைப் பார்த்து இருக்குன்னா, நீங்க எத்தனை மணிக்கு வந்தீங்க, யாரோட வந்தீங்க, தள்ளாடிட்டு வந்தீங்களா, எல்லாம் எல்லாருக்கும் தெரியும். கோடான் இதைத் தெரிந்தேதான் செய்தார். காவல்காரர் தேவையில்லை, ஒருவரை ஒருவர் பார்ப்பதே ஒழுங்கைக் காக்கும் என்பது அவர் எண்ணம். ஹாஸ்டலில் இருந்தவங்களுக்கு இது எப்படி இருக்கும்னு நான் விளக்க வேண்டியதில்லை. மார்க்ஸின் நண்பர் ஏங்கெல்ஸ், 1870-களில் குயீஸை ஒரு சோஷலிசப் பரிசோதனையாகக் குறிப்பிட்டவர், 1887-ல் அதுவும் கடைசியில் தொழிலாளரைச் சுரண்டும் இடமாகிவிட்டது என்று தன் எழுத்தில் திருத்திக்கொண்டார்.

இரண்டாவது விரிசல் இன்னும் ஆழம். சங்கத்தில் எல்லாரும் சமம் இல்லை. மேல்தட்டில் 'கூட்டாளிகள்'. இவங்க அரண்மனையில் குறைந்தது ஐந்து வருடம் குடியிருந்து, பங்கும் வைச்சிருக்கணும். லாபம் பிரிக்கும்போது இவர்கள் சம்பளத்தை இரட்டிப்பாகக் கணக்கிடுவார்கள். அடுத்த தட்டுக்கு ஒன்றரை மடங்கு. அதற்கடுத்த தட்டுக்கு ஒரு மடங்கு. அதற்கும் கீழே 'துணைத் தொழிலாளர்கள்'. அதே மணல், அதே உருகின இரும்பு, ஆனா அந்தப் பங்குக் கணக்கில் அவங்களுக்கு இடமில்லை. போகப் போக அரண்மனை வீடும் மேல்தட்டு இடமும் சில குடும்பங்களுக்குள்ளேயே சுற்ற ஆரம்பிச்சது. உழைப்பவர்களின் அரண்மனை உள்ளே இருப்பவர்களின் அரண்மனை ஆச்சு. வெளியே நின்னவங்களுக்கு அவங்க குட்டி முதலாளிகள்.

இரண்டு உலகப் போர் வந்துபோனது. 1914-ல் இடது பக்கக் கட்டடம் எரிந்துபோய், பிறகு 1920-களில் திரும்பக் கட்டினார்கள். போருக்குப் பிறகு எண்ணெயும் எரிவாயுவும் மின்சாரமும் வீட்டைச் சூடாக்க வந்தன, நிலக்கரி அடுப்பின் காலம் சுருங்கியது. போட்டியும் கூடியது. 1968-ல் சங்கம் கலைந்து சாதாரணக் கம்பெனியாக மாறியது. வீடுகள் தனித்தனியாக விற்கப்பட்டன.

தோல்வின்னு எழுதி மூடிடலாமா? நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். அப்புறம் கழிச்சுப் பார்த்தேன். 1880-லிருந்து 1968 வரை 88 வருடம். நிறுவனர் செத்து 80 வருடம் ஓடியிருக்கு. டெக்சாஸ் கனவு சில வருடத்தில் போச்சு. குயீஸ் ஓடினதுக்குக் காரணம், அதில் கனவை விடக் கணக்கு அதிகம். காற்றுப் பாதை, பங்குப் பத்திரம், வாடகை, நிதி எல்லாமே வரைபடமாகவும் விதியாகவும் எழுதப்பட்டிருந்தது. விரிசல் விட்டதும் அதே விதிகளில்தான். துணைத் தொழிலாளர் என்று ஒரு கோடு போட்டார், கட்டடம் அந்தக் கோட்டில்தான் பிளந்தது.

கிளம்பறதுக்கு முன்னாடி

இன்னைக்கு நீங்க போனா, அரண்மனையின் ஒரு பகுதி அருங்காட்சியகம். சில வீடுகளில் இன்னும் மக்கள் குடியிருக்காங்க, அதனால் சத்தம் போடாம நடக்கணும். தியேட்டரில் இன்னும் நாடகம் நடக்குது. மே 1 அன்னைக்குப் போனீங்கன்னா திருவிழா. கோடான் உழைப்புத் திருநாள்னு ஒன்றை 1867-லேயே அங்கே தொடங்கி வைச்சார், உலகத் தொழிலாளர் தினம் வர்றதுக்கு இருபது வருடத்துக்கும் மேல முன்னாடி. பின்னால் இருக்கிற தோட்டத்தில் ஏறினா அவரோட கல்லறை. அங்கிருந்து கீழே அரண்மனையும் நதியும் தொழிற்சாலையும் தெரியும்.

எனக்கு ஜூலையில் ஜாயினிங். இந்தக் கட்டுரைக்காக உட்கார்ந்தப்போ அந்த ஆஃபர் லெட்டரை அஞ்சாவது தடவை எடுத்தேன். இந்த முறை சின்ன எழுத்தையும் படிச்சேன். நோய்க்கு, விபத்துக்கு, முதுமைக்குன்னு ஒவ்வொரு வரியும் அந்த அரண்மனை நிதிகளை ஞாபகப்படுத்திச்சு. அப்புறம் எச்.ஆருக்கு ஒரு மெயில் போட்டேன். ப்ளான்ட்டில் என்னோட அதே ஷிஃப்ட்டில் வேலை பார்க்கப் போற கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் இந்த இன்ஷூரன்ஸ் உண்டான்னு.

இன்னும் பதில் வரலை. உங்க லெட்டரையும் எடுத்து ஒரு தடவை பாருங்க.